இறக்கம்

கொடிகாமம் ரூட்டில் பதினேழு வருஷம் ஓடின ரோசா.
வாங்கப் போன அன்று
சுன்னாகத்துக் கராஜில் நிமலன் கட்டிலை அளந்தான்.
ஆறடி இரண்டு அங்குலம். காணும் என்றான்.
நான் அடுப்புத் தட்டை அளந்தேன், அலுமாரியை அளந்தேன்,
நிமிர்ந்து நின்று தலை முட்டுதா என்று பார்த்தேன்.
எங்கள் ஒழுங்கையை
ஒருத்தரும் அளக்கவில்லை.

அதனால் முதல் இரவு
வீட்டுக்கு நூற்றைம்பது யார் தள்ளி
வாசிகசாலைக்கு முன்னால் படுத்தோம்.
விடிய ஆறு மணிக்குப்
பேப்பர் வாசிக்க வந்தவர் கண்ணாடியில் தட்டி
"பருத்தித்துறை போகுமோ?" என்றார்.

கராஜ் றொபின்சன் சொன்னது ஒன்றே ஒன்று:
"தங்கச்சி, கூரையைப் பாருங்கோ, சீட்டைப் பாராதேங்கோ."
நாங்கள் சீட்டைப் பார்த்தோம்.
திரைச்சீலைக்கு என்ன நிறம் என்று
மூன்று நாள் சண்டை பிடித்தோம்.
கார்த்திகை மழை கூரையைப் பார்த்தது.
நடுச்சாமம், சரியாக அவன் நெற்றியில்.

தண்ணீர்த் தாங்கி நாற்பது லீற்றர்.
கிணற்றடியில் இருந்த காலம்
கீரை கழுவவே அவ்வளவு வார்த்தவள் நான்.
இப்போது அரிசி கழுவின தண்ணீரில் கோப்பை,
கோப்பை கழுவினதில் கால்.
கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன்.
ஊர்காவற்றுறையில்
குடத்தோடு வரிசையில் நின்ற ஒருத்தி
தாங்கியைப் பார்த்து
"ரெண்டு பேருக்கோ இவ்வளவும்?" என்றா.
குழாயை மூடினேன்.

காரைநகர்க் கடலோரம் பதினொரு நாள்.
நல்ல காற்று. பிணைச்சல் எல்லாம் கறள்.
பின்கதவு முதலில் கிறீச்சிட்டது, பிறகு திறக்கவேயில்லை.
நாற்பத்தாறு வயதில் ஜன்னலால் இறங்கினேன்,
மீன்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திப் பார்க்க.
அன்றிலிருந்து தேங்காயெண்ணெய்
சட்டிக்குப் பாதி, பிணைச்சலுக்குப் பாதி.

கோபம் வந்தால் போக வேறு அறை இல்லை.
ஒருவர் கட்டிலில், ஒருவர் சாரதி ஆசனத்தில்,
இடையில் பதினான்கு அடி.
நிற்கிற பஸ்ஸை அவன்
ஸ்டியறிங் பிடித்து ஒரு மணித்தியாலம் ஓட்டுவான்.
நான் வெங்காயம் வதக்குவேன்.
மணம் முன்னுக்குப் போகும்.

மாமி ஒருநாள் ஏறிப் பார்த்தா.
மெத்தையை அமத்தினா. காஸ் சிலிண்டரின் கட்டை ஆட்டினா.
"தொண்ணூற்றைஞ்சில வீட்டை உழவு மெசினில ஏத்தினது
ஒரு ராத்திரி.
எதை விடுறதெண்டு யோசிக்க நேரமில்லை.
நீங்கள் ஆறு மாசம் யோசிச்சு
அதே சாமானைத்தானே ஏத்தியிருக்கிறியள்.
அரிசி, விளக்கு, பாய், காணி உறுதி."
உறுதியை ஏன் கொண்டுவந்தேன் என்று
எனக்கும் தெரியாது.
இறங்கேக்க படியில் நின்று கேட்டா:
"ரிவேர்ஸ் போகுமோ?"

நிறம் மாற்றிவிட்டோம். முகம் மாறவில்லை.
எங்கே போனாலும் சனம் கை நீட்டுது.
முதலெல்லாம் ஹோன் அடித்து விலகினோம்.
தை மாதத்தில் ஒரு நாள், இரவு ஒன்பதரை,
நெல்லியடி தாண்டி, தூறலில்,
மந்திகை ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி.
நிமலன் பிறேக் போட்டான். ஏன் என்று சொல்லவில்லை.
ஏறினவ திகைத்தா:
கட்டில், தொங்குகிற சட்டி, காய்கிற உடுப்பு.
ஒன்றும் கேட்காமல்
கட்டில் விளிம்பில் இருந்து சப்பாத்தைக் கழற்றினா.
வல்லைவெளிக் காற்று பஸ்ஸை ஆட்ட
நித்திரையானா.

ஆவரங்காலில் தானாக எழும்பி
மேலே மணிக்கயிற்றைத் தேடினா.
அதில் என் துவாய்.
துவாயை இழுத்தா.
"இறக்கம்."

வேண்டாம் என்றும் கேட்கவில்லை,
ஐம்பது ரூபாயை அடுப்புத் தட்டில் வைத்துப் போனா.
தாள் வெங்காய மணத்தோடு
இன்னும் அங்கேதான்.

இப்படி ஒன்று வாங்க ஆசைப்படுகிறவர்கள்
என்னத்தைப் பார்த்து வாங்கவேணும் என்று கேட்கிறார்கள்.
கூரை, என்கிறேன். பிணைச்சல். உங்கட ஒழுங்கை.
மணிக்கயிறு இருந்தால் அறுக்காதேங்கோ.
ஏன் என்று கேட்டால்
உடுப்புக் காயப்போட, என்கிறேன்.